பிஸ்கட் டப்பா நிறைய ‘ஐயோ’

நான் கடைசியாக வேலை பார்த்த வடிவமைப்பு அலுவலகத்தில் ஹரிணி என்று ஒரு பெண். நான் ஓய்வு பெற்ற பிறகும் வழி மறக்காமல் போத்தனூரில் என் வீடு வரை வந்து போகிறவள். போன மாதம் வந்தபோது ஒரு தாளை நீட்டினாள். ஏதோ ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ‘அறிவியல் புனைகதையிலும் மாயாஜாலக் கதையிலும் பெண்கள்: ஒரு பெண்ணியப் பார்வை’ என்று தலைப்பு போட்டிருந்தது.

“மணியக்கா, நீங்க தொண்ணூறுகள்லயே சித்திரக்கதைப் பத்திரிகையில இருந்தவங்க. அப்பெல்லாம் இதைப் பத்தி யாராவது யோசிச்சிருக்காங்களாக்கா?” என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யோசித்தோமா என்றால், இல்லை. நான் யோசித்துச் செய்த காரியம் ஒன்றும் கிடையாது. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட காரியம் ஒன்று உண்டு. அதைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “எழுதிக் கொடுங்கக்கா” என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் வசந்தாமணி. ‘விண்கோட்டை’ என்ற மாத இதழில் நான் எழுத்து எழுதுகிறவளாக இருந்தேன். கதை எழுதுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். சித்திரக்கதையில் ஆட்களின் தலைக்கு மேல் வட்டம் போட்டு வசனம் இருக்குமே, அந்த வட்டத்துக்குப் பலூன் என்று பெயர். பலூனுக்குள் இருக்கும் எழுத்தைக் கையால் எழுதுவது என் வேலை. கல்யாணப் பத்திரிகை உறைகளில் பெயர் எழுதப் போன என்னை, கையெழுத்தைப் பார்த்துவிட்டு முதலாளி இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார். எழுதிப் பழக ஆறு மாதம் ஆனது. ‘ஞ’வும் ‘ஹ’வும் மட்டும் இன்னொரு ஆறு மாதம் என்னை அழவைத்தன.

முதலாளியை நாங்கள் ராவுத்தர் ஐயா என்போம். பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் ஜவுளிக்கடை நோட்டீசும்தான் அவருடைய பிழைப்பு. ‘விண்கோட்டை’ அவருடைய ஆசை. ஆசிரியரும் அவரே. மெலிந்த ஆள், வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடியில் எப்போதும் ஒரு கைரேகை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக அவரிடம் வேறொரு அளவுகோல் இருந்தது. மனம் குளிர்ந்திருந்தால் “அம்மணி” என்பார். கொஞ்சம் கோபம் என்றால் “ஏனுங்க” என்பார். நிஜமாகவே கோபம் வந்துவிட்டால், “வசந்தாமணி அவர்களே, தாங்கள் கொஞ்சம் உட்காருங்க” என்பார். மரியாதை ஏற ஏற எங்களுக்குப் பயமும் ஏறும். ஒரு தடவை பேப்பர் கம்பெனிக்காரரை “பெருமதிப்புக்குரிய ஐயா அவர்களே” என்று ஃபோனில் அவர் கூப்பிட, அச்சு ஓட்டுகிறவர் மெஷினையே நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். வாசிக்காமல் ஒரு பக்கமும் வெளியே போகக் கூடாது. பலூன்களை ஒட்டி முடித்ததும், நான் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் எதிரில் நின்று, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். யார் பேசுகிறார் என்று பெயரைச் சொல்லி, பிறகு வசனம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “கண்ணு பார்க்கும்போது ஏமாந்து போவுதுங்க. காது ஏமாறாது” என்பார்.

எங்கள் இதழின் நாயகன் தளபதி அதிரன். மீசையும் அகன்ற மார்புமாக, கிரகம் கிரகமாகப் போய் அரக்கர்களை அடித்து நொறுக்குகிறவர். அவரோடு விண்கலத்தில் பேராசிரியை மாலினி போவார். வானவியல் படித்தவர். ஆனால் அவர் வானத்தைப் பார்த்து நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. “ஐயோ! அது என்ன?” என்பார். “அதிரன், ஜாக்கிரதை!” என்பார். “காப்பாற்றுங்கள்!” என்பார். பிறகு மயங்கி விழுவார். மயங்கிவிட்டால் பலூன் இல்லை என்பதால் எனக்கும் அந்தக் கட்டத்தில் வேலை இல்லை.

கதை எழுதுகிறவர் சுந்தரவேல். வாரத்தில் ஆறு நாள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமைகளில் விண்வெளி. நல்ல மனிதர்தான். மாலினிக்கு அவர் எழுதிய வசனங்களை ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடக்கிவிடலாம். நான் அடக்கியது பிஸ்கட் டப்பாவில்.

அது எப்படி என்றால், வசனத்தை நேராக ஓவியத்தின் மேல் எழுத மாட்டோம். எழுத்து பிசகினால் ஓவியம் பாழ். அதனால் தனி ஆர்ட் பேப்பரில் பென்சிலால் கோடு போட்டு, மை காயவிட்டு, சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி பலூனுக்குள் ஒட்டுவோம். மாலினி மாதாமாதம் அதே நாலு வார்த்தை பேசுவதால், நான் புத்திசாலித்தனமாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். ஓய்வாக இருக்கும்போது ஐம்பது ‘ஐயோ!’, முப்பது ‘காப்பாற்றுங்கள்!’, இருபது ‘அதிரன்!’ என்று எழுதி வெட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தேன். மாலினி வாயைத் திறந்தால் நான் டப்பாவைத் திறப்பேன். ஒரு பெண்ணின் பேச்சு மொத்தமும் முன்கூட்டியே தயாராகி டப்பாவில் கிடக்கிறதே என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வேலை மிச்சம் என்று சந்தோஷமாக இருந்தேன்.

ஹரிணி கேட்ட ‘பார்வை’ என்று எனக்கு ஏதாவது இருந்தால், அது பலூன் அளவைப் பற்றியதுதான். ஓவியர் பொன்னுசாமி அண்ணன் படம் போடும்போதே பலூனுக்கு இடம் விட்டுவிடுவார். அதிரனுக்குத் தலைக்கு மேல் தாராளமாக. மாலினிக்கு ஓரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு. ஒரு முறை சுந்தரவேல் எப்படியோ மனமிரங்கி மாலினிக்கு ஒன்பது வார்த்தை கொடுத்துவிட்டார். எலுமிச்சை அளவில் ஒன்பது வார்த்தை எங்கே போகும்? வெட்டி, வெட்டி, கடைசியில் “ஐயோ!” என்று ஒட்டினோம். அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் முன்பே, அவளுக்கு இவ்வளவு இடம் போதும் என்று முடிவாகிவிடுகிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கத்தரியும் கையுமாக உட்கார்ந்தபோது தெரிந்துகொண்டேன்.

விண்கோட்டைக்கு முன்னால் நாங்கள் போட்ட மாயாஜாலக் கதைகளும் அப்படித்தான். ராஜகுமாரி கோபுரத்தில் அழுவாள். ஆனால் சூனியக்காரிக்கு மட்டும் முழு முழு வாக்கியங்கள். திட்டம் போடுவாள், சபிப்பாள், சிரிப்பாள், பக்கம் பக்கமாகப் பேசுவாள். எனக்கு எழுதப் பிடித்தது சூனியக்காரியைத்தான். கடைசிப் பக்கத்தில் அவள் சாம்பலாகும்போது எனக்குச் சின்னதாக ஒரு துக்கம் இருக்கும்.

நான் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். செவ்வாய்க் கிரகத்துப் பனிப்புயலில் அதிரன் கழுத்துவரை மூடிய உடுப்போடு நிற்க, மாலினி கையில்லாத ரவிக்கை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றார்.

“ஏனுங்கண்ணா, இந்தப் புள்ளைக்கு மட்டும் குளிராதுங்களா?” என்று பொன்னுசாமி அண்ணனிடம் கேட்டேன்.

அவர் வெட்கப்பட்டுக்கொண்டே, “அட, கதையில அப்படித்தானுங்க அம்மணி” என்றார். ஆனால் மனசில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. பதினைந்தாம் இதழில் மாலினிக்கும் முழு உடுப்பு, தலைக்கவசம் எல்லாம் வந்துவிட்டது. இரண்டு பேரும் கவசம் மாட்டிக்கொண்டால் யார் எவரென்றே தெரியாது. வினையின் முதல் முடிச்சு அதுதான், அதைப் போட்டதும் நான்தான்.

அந்தப் பதினைந்தாம் இதழின் கடைசி நாலு பக்கம் இப்படி. விண்கலம் எரிகற்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது. உள்ளே கவசம் போட்ட இரண்டு பேர். இடப்பக்கம் இருப்பவர் விசையைப் பிடித்துக்கொண்டு கலத்தைத் திருப்புகிறார், கணக்குச் சொல்கிறார், உத்தரவு போடுகிறார். அவர் அதிரன். வலப்பக்கம் இருப்பவர் நாற்காலியைக் கட்டிக்கொண்டு “ஐயோ!”. அவர் மாலினி. கடைசிக் கட்டத்தில் இருவரும் கவசத்தைக் கழற்றுகிறார்கள். இடப்பக்கம் அதிரன், “முடிந்தது. இனிப் பயமில்லை. பாதை என் கையில்!” என்கிறார். வலப்பக்கம் மாலினி, “நான் ரொம்பப் பயந்துவிட்டேன்!” என்கிறார்.

பொன்னுசாமி அண்ணன் அந்தக் கடைசிக் கட்டத்து முகங்களின் மேல் மையைக் கொட்டிவிட்டார். முகங்களை மட்டும் வேறொரு துண்டில் வரைந்து மேலே ஒட்டினார். அவசரத்தில், பழைய முகங்களைப் பென்சிலால் நகல் போட்டிருந்த மெல்லிய பட்டர் பேப்பரைப் புதுத் துண்டில் அச்செடுக்கும்போது திருப்பிப் போட்டுத் தேய்த்துவிட்டார். இடம் வலமாகி, வலம் இடமாகிவிட்டது. பலூன்கள் பழைய இடத்திலேயே இருந்தன. அதாவது மாலினியின் முகம் இடப்பக்கத்துப் பெரிய பலூனுக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் பார்த்திருக்க வேண்டாமா? பார்க்கவில்லை. ஒட்டும்போது ஓவியத்தில் பசை படாமல் இருக்கப் பக்கம் முழுவதையும் ஒரு தாளால் மூடி, பலூன் இருக்கும் இடத்தில் மட்டும் ஜன்னல் வெட்டியிருப்போம். முகம் தெரியாது. சுந்தரவேலின் தாளில் ‘இடம்’, ‘வலம்’ என்று இருப்பதைப் பார்த்து ஒட்டிக்கொண்டே போனேன். வலப்பக்கத்து ‘ஐயோ’க்கள் எல்லாம் டப்பாவிலிருந்து வந்தவை.

ஒட்டி முடித்தபோது மத்தியானம். மூன்று மணிக்குப் பக்கங்கள் அச்சுக்கு ஃபிலிம் எடுக்கும் இடத்துக்குப் போயாக வேண்டும். அதே மூன்று மணிக்குப் போத்தனூரில் என் மகள் கவிதாவின் பள்ளிக்கூட நாடகம். அவளுக்கு மூன்றாவது வேப்பமரம் வேஷம். வசனம் கிடையாது, கையை மட்டும் ஆட்ட வேண்டும். ஒரு மாதமாக வீட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். ராவுத்தர் அன்றைக்குத் தாராபுரத்தில் ஒரு நிக்காஹ் வீட்டில் இருந்தார். அங்கிருந்து ஃபோன் செய்தார்.

“அம்மணி, பக்கமெல்லாம் ஆச்சுங்களா?”

“ஆச்சுங்க ஐயா.”

“நானில்லீனாலும் வாசிச்சரோணும். அச்சு ஓட்டறவரை முன்னால நிறுத்தி வாசிச்சீங்களா?”

“வாசிச்சாச்சுங்க.”

வாசிக்கவில்லை. பக்கங்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஓடிப் பஸ்ஸைப் பிடித்தேன். மூன்றாவது வேப்பமரம் அபாரமாகக் கையை ஆட்டியது. நான் கைதட்டிய தட்டலில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இதழ் அச்சாகிக் கட்டுக் கட்டாக பஸ்களில் ஏறிப் போன பிறகுதான் ஒரு பிரதியை நிதானமாகப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும் பயந்துபோனேன். மூன்று பக்கமாக விசையைப் பிடித்து எரிகற்களுக்கு நடுவே கலத்தை ஓட்டிய அந்த ஆள் கவசத்தைக் கழற்றுகிறார். பின்னல் சரிந்து விழுகிறது. மாலினி! தலைக்கு மேல் பெரிய பலூன்: “முடிந்தது. இனிப் பயமில்லை. பாதை என் கையில்!” பக்கத்தில் நாற்காலியைக் கட்டிக்கொண்டிருந்தவர் கவசத்தைக் கழற்றினால், மீசை. தளபதி அதிரன், எலுமிச்சை பலூனில்: “நான் ரொம்பப் பயந்துவிட்டேன்!”

பயத்தையும் மீறி எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் ராவுத்தர் எதிரில் போய் நின்றேன். அவர் இதழை ஏற்கெனவே பார்த்திருந்தார்.

“வசந்தாமணி அவர்களே,” என்றார், “தாங்கள் தயவுசெய்து உட்காருங்க.”

சிரிப்பு போய்விட்டது.

“முகம் மாறுனது பிழைங்க. பிழை எல்லாருக்கும் வரும். வாசிச்சாச்சுன்னு சொன்னீங்களே, அது பொய்யிங்க.”

எனக்குத் தலை நிமிரவில்லை. வேப்பமரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். “கேட்டிருந்தா அனுப்பியிருப்பேனுங்க” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட நான் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

சுந்தரவேல் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை, சங்கத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். “பதினாலு மாசமா நான் கட்டுன அதிரனை இந்த அம்மா ஒரே பக்கத்துல அழவெச்சுப்போட்டாங்க. ஒண்ணு நான் இருக்கோணும், இல்லைனா அவங்க இருக்கோணும். நீங்களே சொல்லிப்போடுங்க” என்றார்.

“அடுத்த இதழ்ல திருத்தம் போடறோமுங்க. அது அம்மணி கையெழுத்துலயே வரட்டும். அப்புறம் பேசிக்கலாம்” என்றார் ராவுத்தர். ‘அப்புறம்’ என்றது என் வேலையைப் பற்றி. எனக்கு அந்த வேலை உயிர். கல்யாணமாகி வந்த பிறகு கணவர் பெயரோ மகள் பெயரோ சேராமல் எனக்கென்று இருந்த ஒரே மேஜை அதுதான்.

திருத்தம் எழுதுவதற்கு முன்னால் ஒரு தண்டனை வந்தது. “ஒரு வாசிப்பு தப்புச்சுன்னா மத்தது எத்தனை தப்புச்சோ எனக்கெப்படித் தெரியுமுங்க? முதல் இதழ்ல இருந்து எல்லாத்தையும் மறுபடி வாசிங்க. கதை எழுதறவரும் கூட இருக்கட்டும்” என்றார். சுந்தரவேலும் சம்மதித்தார். தன் கதையைச் சத்தமாகக் கேட்பதில் எந்த எழுத்தாளருக்குத்தான் ஆசை இருக்காது? சாயங்காலம் சங்கம் விட்டதும் வந்துவிடுவார். நான் நின்றபடி வாசிப்பேன். ராவுத்தர் கண்ணை மூடிக்கொள்வார்.

முதல் இதழ், இரண்டாம் பக்கம், மேலே ஒரு கட்டத்தில் அறிமுகம். நானே எழுதியதுதான், மறந்தே போயிருந்தேன். “இந்த அதிசய விண்கலத்தை வடிவமைத்தவர் பேராசிரியை மாலினி!”

ராவுத்தர் ஒரு கண்ணைத் திறந்தார். “ஏனுங்க சுந்தரவேல், கலத்தைச் செஞ்சது அந்தப் புள்ளைங்களா?”

“ஆமாங்க. அறிமுகத்துக்கு ஒரு கௌரவம் வேணுமில்லீங்களா.”

“செரி. வாசிங்க.”

வாசித்தேன். மாலினி: ஐயோ. மாலினி: அதிரன். மாலினி: காப்பாற்றுங்கள். கண்ணால் பார்க்கும்போது படத்தோடு படமாக ஓடிப் போய்விட்டது, காதில் விழுந்தபோது அப்படியே நின்றது. மூன்றாம் இதழில் கலம் பழுதாகிறது. அதிரன் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்கிறார்.

“அதைச் செஞ்ச புள்ளை எங்கீங்க?” என்றார் ராவுத்தர்.

“மயக்கத்துல இருக்குதுங்க ஐயா” என்றேன்.

ஐந்தாம் இதழில் கலத்தை எப்படி இறக்குவது என்று அதிரன் மாலினிக்கு விளக்குகிறார். ராவுத்தர் இரண்டு கண்ணையும் திறந்தார். “அதைச் செஞ்சவங்களுக்கே சொல்லித் தாராருங்களா?” சுந்தரவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டாம் இதழிலும் துடைத்தார். ஒன்பதாம் இதழில் நான் ‘மாலினி’ என்று சொல்லி மூச்செடுப்பதற்குள் அச்சு ஓட்டுகிறவர் உள்ளேயிருந்து “ஐயோ!” என்று குரல் கொடுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ராவுத்தரின் தோளும் குலுங்கியது. ஒவ்வொரு இதழ் முடிந்ததும் அவர் அதே கேள்வியைக் கேட்டார்: “இன்னும் விசைக்கிட்ட வரலீங்களா?” நான் அதே பதிலைச் சொன்னேன்: “இல்லீங்க ஐயா.” தண்டனையாக ஆரம்பித்த வேலையில் எனக்கு மெல்ல மெல்லக் குரல் ஏறியது. பதினாலு மாதமாக நான் எழுதியதை அந்த ஒரு வாரத்தில்தான் முதல்முறையாகக் கேட்டேன். வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

நடுவில் தபால்களும் வர ஆரம்பித்தன. அதிரனை அழவைத்ததற்கு இனி இதழே வேண்டாம் என்று ஒருவர். முடிவில் வந்த திருப்பம் பிரமாதம், எதிர்பார்க்கவே இல்லை என்று இன்னொருவர். பிழையென்றே அவருக்குத் தெரியவில்லை. பதினாலாம் இதழை வாசித்து முடித்த அன்று வால்பாறையிலிருந்து ஒரு இன்லண்டு லெட்டர் வந்தது. தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயனிலிருந்து, எஸ். சாந்தி, ஏழாம் வகுப்பு. ராவுத்தர் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். “இதையும் வாசிங்க அம்மணி.” ரொம்ப நாளைக்குப் பிறகு காதில் விழுந்த அம்மணி.

“ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் லயனில் ஒரு புத்தகம்தான் வரும். பஸ்ஸில் வந்ததும் பதினோரு பேர் படிப்போம். படித்துவிட்டு அதே கதையை விளையாடுவோம். நான் ஒருத்திதான் பெண் என்பதால் எப்போதும் நான்தான் மாலினி. என்னைக் கொய்யா மரத்தில் கட்டிவிட்டு எல்லோரும் சண்டைக்குப் போய்விடுவார்கள். விளையாட்டு முடிகிற வரை நான் மரத்தில் இருப்பேன். இந்த மாதம் நான் விசை பிடித்தேன். ரொம்ப நன்றாக இருந்தது. ஆனால் ராஜேந்திரன் இது அச்சுப் பிழை, அடுத்த மாதம் திருத்தம் போடுவார்கள், நீ மறுபடி மரத்துக்குப் போக வேண்டும் என்கிறான். பிழையா இல்லையா என்று கையெழுத்துப் போட்டுத் தெரிவிக்கவும். மாலினி அக்கா கலம் ஓட்ட எங்கே படித்தார் என்றும் தெரிவிக்கவும்.”

வசனமில்லாமல் கையை ஆட்டிய வேப்பமரம் நினைவுக்கு வந்தது. மரமாக ஒருத்தி, மரத்தில் ஒருத்தி.

கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தேன். “ஐயா, என்னை வேணும்னா நிறுத்திப்போடுங்க. நான் சொன்னது பொய், அதுக்கு நிறுத்தறது நியாயமுங்க. ஆனா அந்தத் திருத்தத்தை மட்டும் என்ற கையால எழுத வெக்காதீங்க.”

“திருத்தம் போட்டே ஆகோணுமுங்க” என்றார் ராவுத்தர். “பிழையை மறைச்சு எனக்குப் பழக்கமில்லீங்க.” பிறகு சுந்தரவேல் பக்கம் திரும்பினார். “பிழை எதுன்னு மட்டும் நீங்க சொல்லிப்போடுங்க. கலத்தைச் செஞ்ச புள்ளை ஒரு தடவை அதை ஓட்டுனது பிழைங்களா? பதினாலு தடவை ஓட்ட விடாதது பிழைங்களா?”

சுந்தரவேல் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மேஜைமேல் வைத்தார். “எனக்கு ரெண்டு பொண்ணுங்க” என்றார், யாரும் கேட்காமலே. “பெரியவ போன மாசம் கேட்டா. அப்பா, இந்த மாலினி காலேஜுக்கு எதுக்குப் போனான்னு. சும்மா போடின்னு சொல்லிப்போட்டேன்.” பிறகு என்னைப் பார்த்து, “எழுதுங்கம்மணி. ஐயா சொல்றதை எழுதுங்க” என்றார்.

ராவுத்தர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் எழுதியதில்லை. ‘ஞ’கூடத் தலை குனிந்து வந்தது. பதினாறாம் இதழில் முதல் பக்கத்தில், அதிரனுக்கு ஒதுக்கும் பெரிய பலூன் அளவுக்குக் கட்டம் கட்டி அது வந்தது:

“திருத்தம். விண்கலத்தை வடிவமைத்தவர் பேராசிரியை மாலினி என்று முதல் இதழிலேயே அறிவித்திருந்தோம். ஆனால் அதன் பிறகு பதினான்கு இதழ்களாக அவரை விசை அருகே உட்கார விடவில்லை. இது எங்கள் பிழை. சென்ற இதழில் அது சரிசெய்யப்பட்டது. வாசகர்களிடமும் பேராசிரியை மாலினியிடமும் மன்னிப்புக் கோருகிறோம்.”

என் வேலை பற்றி ராவுத்தர் அதன்பிறகு பேசவே இல்லை. நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன். “இனி வாசிக்காம ‘வாசிச்சாச்சு’ன்னு சொல்லுவீங்களா?” என்றார். “சத்தியமா மாட்டேனுங்க” என்றேன். “அப்ப போயி வேலையைப் பாருங்க அம்மணி” என்றார். அதற்குப் பிறகு கவிதா நடித்த எல்லா நாடகத்துக்கும் அவரே என்னை மத்தியானமே அனுப்பிவைத்தார்.

மாலினிக்குப் பெரிய பலூன் வந்தது. சுந்தரவேல் முதலில் திணறினார். அவள் என்ன பேசுவாள் என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு தன் மகள்களிடம் கேட்டு எழுத ஆரம்பித்தார், எழுத்து வேகமெடுத்தது. எரிகல்லின் பாதைக்குக் கணக்குப் போடும் மாலினி, அதிரனோடு சண்டை போடும் மாலினி, தப்பாக ஒரு கிரகத்தில் இறக்கிவிட்டு அசடு வழியும் மாலினி. எனக்கு வேலை இரட்டிப்பானது. விரல் வலிக்க வலிக்கச் சந்தோஷமாக எழுதினேன். கம்ப்யூட்டர் வந்தபோதும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு பேசினாலும் எழுத்தைச் சுருக்கி உள்ளே கொண்டுவந்துவிடலாமே!

டப்பாவில் மீதமிருந்த ‘ஐயோ’க்களைத் தூக்கிப் போடப் போனேன். ராவுத்தர் விடவில்லை. “எழுதுனதை வீணாக்கலாமுங்களா? அதிரனுக்கும் பயம் வருமில்லீங்களா?” என்றார். வந்தது. மீசை வைத்த ஆள் “ஐயோ” என்றால் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சாந்திக்கு ராவுத்தரும் சுந்தரவேலும் நானும் மூன்று பேருமாகக் கையெழுத்துப் போட்டு, பிழை அவளுடையதல்ல, எங்களுடையது என்று பதிலெழுதினோம். மாலினி கலம் ஓட்டப் படித்த இடத்தை சுந்தரவேல் அரைப் பக்கத்துக்கு விளக்கியிருந்தார். அடுத்த மாதமே அவளிடமிருந்து இன்னொரு இன்லண்டு. ராவுத்தர் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாவது முறை சுந்தரவேலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

“உங்கள் கடிதத்தை லயனில் எல்லோருக்கும் காட்டிவிட்டேன். இப்போது கொய்யா மரத்தில் ராஜேந்திரனைக் கட்டுகிறோம். அவனுக்கு இன்னும் ‘ஐயோ’ சரியாகச் சொல்ல வரவில்லை.”

நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, இருப்பதிலேயே நன்றாக எழுதிய ஒரு ‘ஐயோ!’வைப் பொறுக்கி எடுத்தேன். பின்பக்கம் ‘ராஜேந்திரனுக்கு’ என்று எழுதி, உறையில் போட்டு வால்பாறைக்கு அனுப்பிவைத்தேன்.